மாப்பிள்ளைக்காக ஒரு வார்த்தை

கிளப் பதில் சொல்லவேண்டிய கடைசி நாள் நவம்பர் பதினைந்து. அதற்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டால் ஐத்தோர் இன்னும் ஒரு வருடம் ஹூஸ்டனில் ஆடலாம். வேண்டாம் என்றாலோ, பேசாமல் இருந்துவிட்டாலோ, அவருடைய கால்பந்து அத்துடன் முடிந்தது. முப்பத்துநான்கு வயது மிட்ஃபீல்டரை, அதுவும் அமெரிக்க இரண்டாம் டிவிஷனிலிருந்து, கூப்பிட்டு எடுத்துக்கொள்ள எந்த ஊரிலும் ஆள் இல்லை. ஒப்பந்தத்தில் இதற்கு ஆப்ஷன் என்று பெயர். அந்த ஆப்ஷன் கிளப்புக்குத்தான், ஆட்டக்காரருக்கு இல்லை. இதை ஐத்தோர் ஒரு நாள் காலை, தோசைக்கு நடுவே, நாளைக்கு மழை வரும் என்பதுபோல் மாமியார் ஷ்யாமளாவிடம் சொன்னார்.

ஐத்தோரும் தீக்ஷாவும் அப்போது ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் ஷ்யாமளாவின் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். அவர்கள் வாங்கிய வீடு இன்னும் கட்டி முடியவில்லை. தீக்ஷா ஸ்பெயினுக்கு ஒரு செமஸ்டர் படிக்கப் போன இடத்தில் ஐத்தோரைப் பார்த்தாள். பழக்கம் நான்கு வருடம் போனில் நீண்டு, கடைசியில் அவர் போலந்தில் ஆடிக்கொண்டிருந்த கிளப்பை விட்டுவிட்டு அவளுக்காக ஹூஸ்டன் வந்தார். கல்யாணம் பேர்லேண்டிலேயே இருக்கும் மீனாட்சி கோயிலில் நடந்தது. கோயில் வட்டாரத்தில் முதல் மாதமே ஐத்தோர் என்ற பெயர் ஐயாத்துரை ஆகிவிட்டது. மாமனாரை மாமா என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தபோது மட்டும் அவர் சிரித்து மாளவில்லை. ஸ்பானிஷில் அது அம்மாவைக் கூப்பிடுகிற சொல்லாம். அதனால் ராமசுப்ரமணியனை அவர் அப்பா என்றே கூப்பிட்டார்.

ராமசுப்ரமணியனுக்கு அந்த அழைப்பு பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் தொழில்தான் பிடிபடவில்லை. அவர் ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்பு இன்ஜினியர். எதையும் முறைப்படுத்திப் புரிந்துகொள்ளும் சுபாவம். ஐத்தோரின் வாழ்க்கையை மாற்றலுள்ள உத்தியோகம் என்று அவர் மனதில் வகைப்படுத்தி வைத்திருந்தார். வட ஸ்பெயினில் ஒரு சின்ன ஊர். சைக்கிள் உதிரிபாகத் தொழிற்சாலையில் அப்பா. பதினாறு வயதில் கிளப் அகாடமி. இருபத்திரண்டில் முதல் டிவிஷன், அங்கே பதினோரு ஆட்டம். பயிற்சியாளர் மாறினார், புதியவருக்கு வேறு ஆள் வேண்டியிருந்தது. பிறகு இரண்டாம் டிவிஷனில் பல வருடம், அதற்குப் பிறகு சைப்ரஸ், போலந்து, ஹூஸ்டன். "ப்ரமோஷன் ஒரு தடவைதான். மத்ததெல்லாம் டிரான்ஸ்ஃபர்" என்று அவர் ஷ்யாமளாவிடம் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

கோயிலில் எவரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்.

"மாப்பிள்ளை எத்தனை கோல் போட்டிருக்கார்?"

"அவர் மிட்ஃபீல்டர். கோல் போடறது அவர் வேலை இல்லை."

"பின்னே வேலை என்ன?"

இந்த இடத்தில் ராமசுப்ரமணியன் இருமத் தொடங்கிவிடுவார்.

ஷ்யாமளாவுக்கும் ஆரம்பத்தில் தெரியவில்லை. ஹூஸ்டனில் நடக்கும் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் இருவரும் போவார்கள். ராமசுப்ரமணியன் பந்தைப் பார்ப்பார், மற்றவர்கள் தட்டும்போது கை தட்டுவார். ஷ்யாமளா ஒரு கட்டத்தில் பந்தை விட்டுவிட்டு மாப்பிள்ளையை மட்டும் பார்க்க ஆரம்பித்தாள். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே அவர் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிடுவார். ஒரு பக்கம், உடனே மறுபக்கம். பந்து காலுக்கு வரும்போது அது எங்கே போகவேண்டும் என்பது முடிவாகியிருக்கும். எதிரணி ஆள் பாய்ந்து வந்து சேர்வதற்குள் அவர் காலில் பந்து இருக்காது. அவன் வெறும் காற்றில் மோதிவிட்டு நிற்பான். கூட்டம் பந்தோடு போய்விடும். அவரை எவரும் பார்ப்பதில்லை. கல்யாண வீட்டில் எந்தப் பந்திக்கு எது போகவேண்டும் என்று பார்த்துக்கொண்டு நடுவில் ஒரு ஆள் நிற்பாரே, அதுபோல என்று அவளுக்குத் தோன்றியது. ஐத்தோரிடம் இதைச் சொன்னபோது அவர் தட்டிலிருந்து நிமிர்ந்து, "மாமி, இதை என் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள்" என்றார். ஆங்கிலத்தில்தான் பேசுவார், மாமி, அப்பா மட்டும் தமிழ்.

அந்த வருடம் ஜூன் மாதத்திலிருந்து அவர் வலப்பக்கம் திரும்புவதை நிறுத்தியிருந்தார். அதையும் ஷ்யாமளா பார்த்தாள்.

கராஜில் இருக்கும் பெரிய ஃப்ரீசரில் தேங்காய்த் துருவல், கறிவேப்பிலை, முருங்கைக்காய் என்று பாக்கெட் பாக்கெட்டாக இருக்கும். ஒரு நாள் முருங்கைக்காய் பாக்கெட்டைக் காணோம் என்று தேடிப் போனவள், ஐத்தோர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, வலது முட்டியின் மேல் அந்தப் பாக்கெட்டைத் துண்டால் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். முட்டி இடது முட்டியைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தது.

"ஐஸ் தீர்ந்துவிட்டது, மாமி. சாம்பாருக்குத் திருப்பித் தந்துவிடுகிறேன்" என்றார்.

"வேண்டவே வேண்டாம். அதை நீங்களே வச்சுக்கோங்கோ" என்று தமிழிலேயே சொன்னாள். அவருக்குப் புரிந்தது.

அன்று சாயங்காலம் தீக்ஷா சமையலறைக்கு வந்து கதவருகில் நின்றாள்.

"அம்மா, ஐத்தோரோட முட்டி பத்தி வெளில யார்கிட்டயும் பேசாதே, ப்ளீஸ்."

"கிளப்புக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா முடிஞ்சது. புதுசா ஒரு கிளப் எடுத்தாத்தான் ஃபுல் மெடிக்கல் செக்கப். இருக்கற கிளப் ஆப்ஷன் எடுத்தா அது கிடையாது. நவம்பர் வரைக்கும் ஓட்டிட்டா போதும். விண்டர்ல ரெஸ்ட் கிடைக்கும், சரியாயிடும்கறார்."

"ஆயிடுமா?"

தீக்ஷா தட்டிலிருந்த கேரட் ஒன்றை எடுத்துக் கடித்தாள். பிறகு, "மத்தேயோவுக்கு மட்டும் தெரியும். அவன்தான் நாலு மணி நேரம் தள்ளி இருக்கற இர்விங்குக்கு டிரைவ் பண்ணிண்டு போறான். அங்க ஒரு டாக்டர் இன்ஜெக்‌ஷன் போடறார்" என்றாள்.

மத்தேயோ அந்த அணியின் கோல்கீப்பர். லரேடோ ஊர்க்காரன், ஸ்பானிஷ் பேசுகிறவன். வீட்டுக்கு வந்தால் ஷ்யாமளாவின் எலுமிச்சை ஊறுகாயைச் சோள ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டு, ஒரு பாட்டில் கையோடு எடுத்துக்கொண்டுதான் போவான்.

ஷ்யாமளா எவரிடமும் சொல்லவில்லை. வெளியில் பேசாதீர்கள் என்று கணவரிடம் சொல்லிவைக்கவும் தோன்றவில்லை. அவருக்கும் முட்டி விஷயம் தெரியும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியாமல் எப்படி இருக்கும்? இர்விங் போய் வருவதும் தெரியும். ஆனால் அவர் வெளியில் பேசுகிற மனிதர் இல்லை. எத்தனை கோல் என்ற கேள்விக்கே இருமுகிறவர்.

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை இருவரும் கோயிலுக்குப் போனார்கள். தரிசனம் முடிந்து கான்டீனுக்கு வந்தபோது டாக்டர் சேனாபதி ஒரு மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூர் பக்கத்துக்காரர், இதய நிபுணர். ஐத்தோரின் கிளப்பில் சின்னப் பங்கு வாங்கியிருந்தவர். ஷ்யாமளா வரிசையில் போய் நின்றாள். ராமசுப்ரமணியன் நேராக அந்த மேஜைக்குப் போனார்.

போனது தற்செயலாக இல்லை. ஒரு வாரமாகவே அவர் இதை யோசித்துவந்தார். அம்பாசமுத்திரத்தில் அவர் வளர்ந்த காலத்தில் எந்தக் காரியமும் தானாக நடந்ததில்லை. அவருக்கு முதல் வேலை கிடைத்தது, அவருடைய அப்பா யாரிடமோ ஒரு வார்த்தை சொல்லி வைத்ததால். தங்கைக்கு டீச்சர் டிரெய்னிங் கிடைத்ததும் அப்படித்தான். பொய் சொல்வது அல்ல அது. இருக்கிற நல்லதைக் கேட்கவேண்டியவர் காதில் போட்டு வைப்பது. வீட்டுக்குப் பெரியவர் செய்யவேண்டிய கடமை. ஐத்தோருக்கு இங்கே அப்பா இல்லை. அப்படியானால் யார் சொல்வது?

"வாங்க சார், உக்காருங்க. ஐயாத்துரை எப்படி இருக்கார்?" என்றார் சேனாபதி.

"அவர் விஷயமாத்தான் உங்ககிட்ட ஒரு வார்த்தை. இந்த ஆப்ஷன்..."

"அதெல்லாம் ஜெனரல் மேனேஜர் முடிவுங்க சார். நான் போன வாரம் ரெண்டு டிக்கெட் ஃப்ரீயாக் கேட்டேன், ஒண்ணுதான் கொடுத்தாங்க. என் செல்வாக்கு அவ்வளவுதான்."

"நீங்க முடிவு பண்ண வேண்டாம். சும்மா அவர் காதுல போட்டு வையுங்கோ, போதும்."

சேனாபதி வடையைப் பிட்டார். "நல்ல மனுஷன்தாங்க. கோல்தான் கொஞ்சம் கம்மி, இல்லீங்களா?"

ராமசுப்ரமணியனுக்கு இருமல் வரவில்லை. சுருக்கென்றது. மூன்று வருடமாக இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்றவர், தன்னிடம் இருந்த மிகப் பெரிய சான்றிதழை எடுத்து வைத்தார்.

"கோல் கிடக்கட்டும் டாக்டர். சின்சியாரிட்டியைப் பாருங்கோ. ஜூன்லேர்ந்து வலது முட்டி இத்தனை பெரிசா வீங்கிண்டிருக்கு. வேற ஒருத்தனா இருந்தா மெடிக்கல் லீவு போட்டுட்டுப் படுத்திருப்பான். இவர் இர்விங் வரைக்கும் போய், சொந்தச் செலவுல ஊசி போட்டுண்டு, மறுநாள் கார்த்தால பிராக்டிஸுக்கு முதல் ஆளா நிக்கறார். ஒரு நாள் லீவு கிடையாது. கிளப்புக்கு இதைவிட என்ன வேணும்?"

சேனாபதியின் கையில் வடை அப்படியே நின்றது. "இர்விங்குக்கா போறார்?" என்றார்.

"ஆமாம். ஆர்ப்பாட்டமே இல்லாம போய்ட்டு வந்துடுவார்."

"அப்படீங்களா."

ஷ்யாமளா இரண்டு தட்டு தயிர்சாதத்தோடு வந்து சேர்ந்தபோது பேச்சு சேனாபதியின் மகள் படிப்புக்கு மாறியிருந்தது. காரில் திரும்பும்போது ராமசுப்ரமணியன் வழக்கத்துக்கு மாறாக ஸ்டியரிங்கில் தாளம் போட்டார்.

"சேனாபதி காதுல போட்டாச்சு."

"என்ன சொன்னேள்?"

"பொதுவா நல்லபடியாச் சொன்னேன். கேட்டுண்டார்."

நல்லபடியாகச் சொன்னதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று ஷ்யாமளாவும் விட்டுவிட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை கிளப்பிலிருந்து ஐத்தோருக்குச் செய்தி வந்தது: வலது முட்டிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன், வெள்ளிக்கிழமை காலை. வழக்கமான பரிசோதனை என்று போட்டிருந்தது.

"வழக்கமாம்!" என்றாள் தீக்ஷா. "சீசன் முடியற நேரத்துல, ஒரே ஒரு ஆளுக்கு, ஒரே ஒரு முட்டிக்கு. அதுவும் கரெக்டா வலது. அம்மா, யாரோ சொல்லியிருக்கா."

ஐத்தோர் வெள்ளிக்கிழமை காலை போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். மூன்று நாட்கள் வீட்டில் எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள். மிக்ஸியைக்கூட ஷ்யாமளா அவர் பயிற்சிக்குப் போன பிறகுதான் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஐத்தோர் கிளப்பில் கூட்டம் முடிந்து வந்தார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, நடந்ததை வரிசையாகச் சொன்னார். முட்டிக்குள் இருக்கவேண்டிய குருத்தெலும்பு பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. இன்னும் ஒரு வருடம் ஆடினால் நாற்பது வயதில் முட்டியையே மாற்றவேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னார். ஆப்ஷன் இல்லை. சீசன் முடியும் வரை சம்பளம் உண்டு, பயிற்சிக்கு வரவேண்டும், ஆட்டத்தில் இறக்க மாட்டார்கள். ஜெனரல் மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார், காபி கொடுத்தார்.

"கடைசியில் கை கொடுக்கும்போது, இர்விங் பற்றி நீயே எங்களிடம் சொல்லியிருக்கலாம் என்றார்."

தீக்ஷா நிமிர்ந்தாள். "இர்விங்னு சொன்னாரா? அந்தப் பேரை?"

"அந்தப் பேரை."

அதற்குமேல் ஐத்தோர் சொல்லவேண்டியிருக்கவில்லை. கிளப்பில் இர்விங் விஷயம் தெரிந்தவன் ஒருவன்தான். அந்த ஒருவனுக்கு அதற்கு முந்தைய நாள்தான் இரண்டு வருட ஒப்பந்தம் கையெழுத்தானது. கிளப்பே படம் போட்டுக் கொண்டாடியிருந்தது. மத்தேயோ பேனாவைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஐத்தோர் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். ஷ்யாமளா கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்பானிஷில் ஒரு சொல்லும் அவளுக்குத் தெரியாது. ஆனால் இர்விங், இர்விங் என்று திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. அந்தக் குரலை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. மறுமுனையில் இருந்தவனுக்குப் பேச இடமே கொடுக்கவில்லை. முடித்துவிட்டு வந்தவர் அவளைக் கடந்து மாடிக்குப் போனார். தீக்ஷா பின்னாலேயே போனாள்.

இனி அந்த முட்டியை எவனும் உதைக்க மாட்டான் என்று ஷ்யாமளாவுக்கு ஒரு கணம் நிம்மதி வந்தது. உடனே வெட்கமாக இருந்தது. கையிலிருந்த டம்ளரை இன்னொரு தடவை துடைத்தாள்.

ஐந்து மணிக்கு ராமசுப்ரமணியன் ஆலையிலிருந்து வந்தார். செய்தியைக் கேட்டதும் டிபன் பாக்ஸைக் கீழே வைக்காமலேயே நின்றார்.

"என்ன அநியாயம் இது! நான் அவ்வளவு சொல்லி வச்சும் இப்படிப் பண்ணிட்டாளே!"

ஷ்யாமளா திரும்பினாள். "எவ்வளவு சொன்னேள்?"

"என்ன?"

"சேனாபதிகிட்ட. பொதுவாச் சொன்னேன்னேளே. அந்தப் பொதுவை இப்ப சொல்லுங்கோ, ஒரு வார்த்தை விடாம."

அவர் சொன்னார். சொல்லத் தொடங்கும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வீங்கின முட்டி வரைக்கும் வந்தார். இர்விங் வந்தது. ஷ்யாமளா பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"ஏன்னா," என்றாள், "நீங்கதான்."

"நான் என்ன? நான் நல்லதுதானே சொன்னேன்! உடம்பு முடியாதபோதும் வேலைக்குப் போறார்னு சொன்னா அது குத்தமா? எங்க ஆலையில அப்படி ஒருத்தன் இருந்தா அவார்ட் கொடுப்பா."

"உங்க ஆலையில மூளைக்குச் சம்பளம். அவருக்குக் காலுக்குச் சம்பளம்."

"சேனாபதி அப்படிப்பட்ட ஆள் இல்லை." அவர் அங்கேயே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். சேனாபதி இரண்டாவது மணியிலேயே எடுத்தார். சுற்றி வளைக்கவில்லை.

"சார், நானே கூப்பிடணும்னு இருந்தேன். சங்கடமா இருக்குங்க. நீங்க சொன்னதுக்கப்புறம் நான் எப்படிச் சும்மா இருக்க முடியும்? நான் டாக்டரு, அந்தக் கிளப்புல என் பணமும் இருக்கு. ஒருத்தர் காயத்தை மறைச்சு ஊசி போட்டு ஆடறார்னு காதுல விழுந்தா நான் சொல்லியே ஆகணும். உங்க பேரைச் சொல்லலீங்க. நீங்க தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு நினைச்சேன். மாப்பிள்ளை உடம்பு கெட்டுடக் கூடாதுன்னு நாசூக்கா என்கிட்ட சொல்றீங்கன்னு."

"ஆமாம். சரி டாக்டர்" என்று மட்டும் சொல்லி ராமசுப்ரமணியன் போனை வைத்தார்.

டிபன் பாக்ஸை அப்போதுதான் மேஜையில் வைத்தார்.

"ஆனா மறைக்கறது தப்பில்லையா, ஷ்யாமளா?" என்றார். "ஒரு பம்ப்புல விரிசல் இருக்குன்னு தெரிஞ்சுண்டே ஓட்டினா நான் விட மாட்டேன். முப்பது வருஷமா அதுதான் என் உத்தியோகம்."

"தப்போ சரியோ, அது அவரோட முட்டி. சொல்றதும் மறைக்கறதும் அவர் பாடு. நாம யாரு நடுவுல?"

"ஆனது ஆச்சு. இப்ப சொல்லி என்ன ஆகப்போறது? ஆப்ஷன் திரும்பி வருமா?"

"வராது. அந்த மத்தேயோ வருவானா? அவன்தான் காட்டிக்கொடுத்தான்னு கத்தித் தீர்த்துட்டார். நான் இங்கதான் நின்னுண்டிருந்தேன்."

ராமசுப்ரமணியன் நாற்காலியில் உட்கார்ந்தார். "நாளைக்குக் காலையில சொல்றேனே. அவரும் கொஞ்சம் ஆறட்டும்."

"நாளைக்குக் காலையில பிராக்டிஸ்ல அவா ரெண்டு பேரும் ஒரே ரூம்ல டிரஸ் மாத்தணும். நீங்க சொல்றேளா, நான் சொல்லவா?"

அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். மாடிப்படியின் அடியில் நின்று, "ஐத்தோர், தீக்ஷா, ஒரு நிமிஷம் கீழ வரேளா?" என்று கூப்பிட்டார்.

அவருக்கு இதைச் சொல்ல ஒரு முறைதான் தெரியும். ஆலையில் விபத்து நடந்தால் அறிக்கை சொல்வார்களே, அந்த முறை. எங்கே, எப்போது, யாரிடம், என்ன சொன்னார், எதற்காகச் சொன்னார், அதன் விளைவு என்ன என்று ஆங்கிலத்தில் அடுக்கினார். மேஜையின் மேல் இரண்டு கைகளையும் கோத்து வைத்திருந்தார். கடைசியில், "பிழை என்னுடையது. மத்தேயோவுக்கு இதில் சம்பந்தம் இல்லை" என்றார்.

முதலில் பேசியது தீக்ஷாதான். "அப்பா! கான்டீன்லயா? சேனாபதி அங்கிள்கிட்டயா? ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா நீ?"

"கேட்டா வேண்டாம்னிருப்பே."

"எக்ஸாக்ட்லி!"

ஐத்தோர் அவள் கையைத் தொட்டு நிறுத்தினார். முகத்தில் கோபம் தெரியவில்லை. ஆட்டத்தில் தோளுக்குப் பின்னால் பார்ப்பாரே, அந்தப் பார்வைதான் இருந்தது.

"நான் மத்தேயோவை என்ன சொன்னேன் தெரியுமா?" என்றார். அந்தச் சொற்களை மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. "அவன் தாயைப் பற்றிச் சொன்னேன். போன வருடம்தான் அவள் இறந்தாள். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்."

மாமனார் பக்கம் திரும்பினார்.

"அப்பா, ஒன்று கேட்கட்டுமா? நான் லீவு போடுவதில்லை என்று சொன்னீர்கள். முதல் ஆளாகப் போகிறேன் என்று சொன்னீர்கள். நான் எப்படி ஆடுவேன் என்று சொன்னீர்களா?"

ராமசுப்ரமணியன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், விட்டுப்போன ஒரு வரியைத் தேடுகிறவர்போல.

"இல்லை" என்றார்.

"கோல் குறைவு என்று அவர் சொன்னபோதுகூட?"

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை." அந்த ஒன்று மட்டும் தமிழில் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: "எனக்கு ஆட்டம் புரியாது, ஐத்தோர். கை தட்டுவேன். அவ்வளவுதான்."

"மூன்று வருடம்" என்றார் ஐத்தோர். "ஒவ்வொரு ஆட்டத்திலும் நீங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் பார்ப்பேன்."

அவர் போனை எடுத்து மத்தேயோவைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவை ஒரு மணியிலேயே அறுந்தது. கார்ச் சாவி மாட்டியிருந்த இடத்துக்குப் போனார்.

ராமசுப்ரமணியனும் எழுந்தார். "நானும் வரேன். நானே அவன்கிட்ட சொல்றேன். நேரா, முகத்தைப் பார்த்து."

"வேண்டாம்" என்றார் ஐத்தோர். "நீங்கள் யாரிடமும் எதுவும் சொல்லவேண்டாம்."

கதவு சாத்திக்கொண்டது. மத்தேயோவின் வீடு ஃப்ரீவேயில் அரை மணி தூரம். ஷ்யாமளா ரசம் வைத்தாள், எவரும் சாப்பிட வரவில்லை. தீக்ஷா சோபாவில் காலை மடக்கிக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராமசுப்ரமணியன் எழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார், பிறகு உட்கார்ந்தார். ஒரு தடவை மனைவியைப் பார்த்து, "அவர் ஆடறது நல்லா இருக்குமா?" என்று கேட்டார்.

"இருக்கும்" என்றாள் ஷ்யாமளா.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவரைத்தான் பார்ப்பேன். பந்தைப் பார்க்க மாட்டேன்."

"அதைச் சொல்லத் தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்து அவர் முடிக்கவில்லை. அவளும் முடித்துக் கொடுக்கவில்லை. தன்னிடம் அது இருந்தும் கணவரின் கையில் கொடுத்தனுப்பவில்லையே என்று அவளுக்கு இருந்தது.

வெளிச்சம் முழுதும் போவதற்குள் கார் திரும்பி வந்தது. போய்ச் சேர்ந்து உடனே திரும்பியிருந்தால்தான் அவ்வளவு சீக்கிரம் வரமுடியும். தீக்ஷா வாசலுக்கு ஓடினாள்.

"பார்த்தியா? என்ன சொன்னான்?"

"அவன் மனைவி கதவைத் திறந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். உள்ளே போய் அவனிடம் சொன்னாள், எனக்குக் கேட்டது." ஐத்தோர் செருப்பைக் கழற்றினார். "அவன் வரவில்லை. அவள் திரும்பி வந்து, இன்று வேண்டாம் என்றாள்."

"நாளைக்கு?"

"நாளைக்கு ஒன்பது மணிக்குப் பயிற்சி. அங்கே இருப்பான்."

ராமசுப்ரமணியன் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். ஷ்யாமளா, "ரசம் சாதம் ஒரு வாய்?" என்று கேட்டாள். ஐத்தோர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு மாடிப்படிக்குப் போனார். வலது கையால் கைப்பிடியைப் பிடித்தார். இடது காலை வைத்து, உடம்பை ஏற்றி, வலது காலை அதே படிக்கு இழுத்து வைத்தார். நின்று மூச்சு வாங்கினார். பிறகு அடுத்த படி. கீழே மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்ப்பது அவருக்குத் தெரியும்.